பழைய கேரவன், டயர் வளைவு, ஒழுகும் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வண்டி 1996 மாடல் டெம்போ டிராவலர். ஒரு காலத்தில் படப்பிடிப்புக்கு மேக்கப் வண்டியாக ஓடியது. நம்ம ஊரில் கேரவன் என்றாலே சினிமாதானே ஞாபகம் வரும். அதை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாக மாற்றி ஏழு வருடம் ஆகிறது. வடசென்னைத் தண்டையார்பேட்டையில் தெருவோரம் நிற்கும். போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், "எவ்ளோ ஆச்சு?" என்பார்கள். கேட்பவரும் பழைய வண்டிக்காரராக இருந்துவிட்டால் அடுத்த கேள்வி ஒழுகலைப் பற்றித்தான். அவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றவன்.

வீல் ஆர்ச் என்று எதைச் சொல்கிறீர்கள்?

டயருக்கு மேலே குடை மாதிரி வளைந்து, வண்டிக்குள் ஒரு மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அந்தத் தகரம். பயணிகள் வேனில் அதன் மேல் சீட் இருக்கும். எங்கள் வண்டியில் ஒரு பக்கம் கட்டில், மறு பக்கம் சமையல் மேடை.

கூரை ஒழுகலாம், கண்ணாடி ஒழுகலாம். டயர் மேல் இருக்கும் தகரம் எப்படி ஒழுகும்?

கூரையில் விழும் மழை மேலிருந்து கீழே விழும். அதற்கு ஏற்ற மாதிரிதான் வண்டியைச் செய்திருப்பார்கள். டயர் அடிக்கும் தண்ணீர் தரையிலிருந்து மேலே பெய்யும் மழை. மழை நாளில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போயிருந்தால் அதன் வேகம் தெரியும். தண்ணீரோடு மணலும் சரளையும் சேர்ந்து வந்து அடிக்கும்.

வண்டி முன்னால் போகும்போது டயரின் பின்பாதி மேல்நோக்கிச் சுழல்கிறது. அதனால் அடி அதிகம் விழுவது வளைவின் பின்பாதியில். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் ஓட்டை அந்தப் பாதியில்தான் இருந்தது. இரண்டு தகரம் சேரும் மூட்டில் முதலில் பெயின்ட் போகும், அப்புறம் உள்ளே பூசிய பழைய சீலர் காய்ந்து வெடிக்கும், பிறகு துரு. அந்தத் தகரம் புதிதாக இருந்தபோதே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான். முப்பது வருடம் தாங்கியதே பெரிது.

உள்ளே ஈரமாக இருக்கிறது. வீல் ஆர்ச்தான் காரணம் என்று எப்படித் தெரியும்?

பாதி சமயம் அது காரணமாகவே இருக்காது. வண்டியில் தாழ்வான மூலை அதுதான். எங்கே ஒழுகினாலும் தண்ணீர் வந்து தேங்குமிடம் அது.

எங்கள் கதையையே சொல்கிறேன். வாங்கிய முதல் வருடம், இடது பின் வளைவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரம். இரண்டு முறை சீலண்ட் அடித்தேன். மூன்றாம் முறை அடிக்கக் குனிந்தபோது வீட்டுக்காரிதான் கேட்டாள்: "மழையே இல்லாத மே மாசத்துல எப்படிங்க ஈரமாகும்?" ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் நூலாம்படையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, சுவருக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கம்பியை விட்டு ஊதியதும் சரியாகிவிட்டது. இரண்டு டியூப் சீலண்ட் வீண்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, எப்போது ஈரமாகிறது என்பது. நிற்கும் வண்டியில் மழைக்கு ஈரமானால் கூரை, ஜன்னல் ரப்பர், பின் விளக்கு ரப்பர் மீது சந்தேகப்படுங்கள். ஈரமான ரோட்டில் ஓட்டினால் மட்டும் ஈரமாகிறதா? அப்போதுதான் வீல் ஆர்ச். மழையே இல்லாமல் ஈரமென்றால் ஏ.சி. குழாய், சிங்க் குழாய், தண்ணீர் டேங்க். விடியற்காலையில் மட்டும் தகரம் வியர்த்திருந்தால் அது நீங்கள் விட்ட மூச்சும் வைத்த ரசத்தின் ஆவியும். மூடிய வண்டிக்குள் நாலு பேர் தூங்கினால் அவ்வளவு ஈரம் சேரும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை சொல்லுங்கள்.

முதலில் இருட்டுச் சோதனை. ராத்திரி தெருவிளக்கு படாத இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்சீட்டு, பிளைவுட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒருவர் டயர் பக்கம் நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சைப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊசி முனையளவு ஓட்டைகூட நட்சத்திரம் மாதிரித் தெரியும். எங்கள் வண்டியில் வலது வளைவு கார்த்திகை தீபம் மாதிரி இருந்தது. சாக்பீஸால் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மடிந்த மூட்டுக்குள் வெளிச்சம் போகாது, தண்ணீர் போகும். அதற்கு ஹோஸ் பைப்பு. உள்ளே வளைவைச் சுற்றி முகப் பவுடரையோ சாக்பீஸ் பொடியையோ மெல்லியதாகத் தூவிவிட்டு, வெளியே கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். ஒரு இடத்தில் ஐந்து நிமிடமாவது அடிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா ஓட்டையிலும் புகுந்து குழப்பிவிடும். உள்ளே இருப்பவர் பொடியில் முதல் கோடு விழுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு பார்ப்பது பயனில்லை.

எங்கிருந்து வருகிறது என்று குழப்பம் தீராவிட்டால், டயர் பக்கம் அடிக்கும் தண்ணீரில் மஞ்சள் தூள், ஜன்னல் பக்கம் ஊற்றும் தண்ணீரில் சொட்டு நீலம். உள்ளே வெள்ளைத் துணி விரித்துப் பாருங்கள். எந்த நிறம் வந்ததோ அதுதான் குற்றவாளி. துணி போனால் போகட்டும்.

மூட்டு தவிர வேறு எங்கே பார்க்க வேண்டும்?

ஒயர் போகும் ரப்பர் வளையங்கள். பழைய ரப்பர் கல்லாகிச் சுருங்கியிருக்கும். ஷாக் அப்சார்பர் மேல் போல்ட் வண்டிக்குள் வந்தால் அதன் வாஷர். டீசல் ஊற்றும் குழாய் வளைவு வழியாக இறங்கினால் அதைச் சுற்றி. யாரோ எப்போதோ மட்ஃபிளாப் மாட்ட அடித்த ஸ்க்ரூ ஓட்டைகள். கேரவனாக மாற்றியபோது கட்டில் காலுக்கு நீங்களே போட்ட ஸ்க்ரூவும் இதில் சேரும். அது தகரத்தைத் துளைத்து டயர் பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று தடவிப் பாருங்கள். கை ஜாக்கிரதை.

உள்ளே இருந்தே சிலிகான் அடித்துவிட்டால் போதாதா? டயரைக் கழற்றுவது பெரிய வேலை.

போதாது. உள்ளே அடைத்தால் நீங்கள் நனைய மாட்டீர்கள், தகரம் நனையும். தண்ணீர் வெளிப்பக்கமிருந்து மூட்டுக்குள் புகுந்து, உங்கள் சீலண்ட் தடுப்பதால் அங்கேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் துரு தின்னும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் சீலண்ட் மட்டும் முழுசாக இருக்கும், அது பிடித்திருந்த தகரம் இருக்காது. அடைப்பு எப்போதும் தண்ணீர் வருகிற பக்கம். உள்பக்கம் அடிப்பது அதற்கு மேல் ஒரு காவல், அவ்வளவுதான். ஜாக்கி மட்டும் போட்டுத் தலையை உள்ளே விடாதீர்கள். ஸ்டாண்டோ கட்டையோ முட்டுக் கொடுத்த பிறகுதான் டயரைக் கழற்ற வேண்டும்.

சிலிகான், பி.யூ. சீலண்ட், எம்-சீல், தார்: எதைப் பயன்படுத்துவது?

மூட்டுக்கு பி.யூ., அதாவது பாலியூரித்தேன் சீலண்ட். வண்டி ஆடும்போது கூடவே நீளும், சுருங்கும், மேலே பெயின்டும் ஏறும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் அது இறுகும். நம்ம ஊர் வேர்வைக் காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் வெளித்தோல் இறுகியதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். கெட்டியாக அடித்திருந்தால் மூன்று நாளாவது வண்டியை எடுக்கக் கூடாது.

கடையில் கிடைக்கும் சாதாரணச் சிலிகானில், மூடியைத் திறந்ததும் வினிகர் மாதிரிப் புளித்த நெடி வந்தால் இந்த வேலைக்கு வேண்டாம். அது இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். மேலே பெயின்டும் நிற்காது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு தடவை சிலிகான் பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. குளியலறை ஓரத்துக்கு வாங்கியதை வண்டிக்குக் கொண்டு வராதீர்கள்.

எம்-சீல் கல் மாதிரி இறுகும். அது நல்ல குணம்தான், ஆனால் ஆடாத இடத்தில். வீல் ஆர்ச் மூட்டு ஒவ்வொரு பள்ளத்திலும் நெளியும், கல்லும் தகரமும் பிரிந்துவிடும். தார் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எதை அடித்தாலும் பாதி வேலை சுத்தம் செய்வதில்தான். சீலண்ட் துருவில் ஒட்டினால், துரு உரியும்போது கூடவே வந்துவிடும். கம்பி பிரஷ், உப்புத்தாள், பிறகு தின்னர் தொட்ட துணி, பிரைமர், அது காய்ந்த பிறகு சீலண்ட். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது ஞாபகம் இருக்கும். அதில் நின்ற வண்டி என்றால், சோப்புப் பவுடர் போட்டு இரண்டு முறையாவது கழுவி எண்ணெய்ப் பசை போன பிறகுதான் மற்ற வேலை.

துரு இருக்கிறது. தேய்த்து பிரைமர் அடிக்கலாமா, வெட்ட வேண்டுமா?

சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்னும். உளுத்துப்போன இடம் 'டொப்' என்னும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். உள்ளே போனால் வெட்ட வேண்டும். போகாவிட்டால் தேய்த்துக் காப்பாற்றலாம்.

தேய்த்தபின் பள்ளங்களில் மிஞ்சும் துருவுக்கு, துருவை மாற்றும் திரவங்கள் கிடைக்கின்றன. பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும், பூசினால் துரு கறுத்து இறுகும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை வருமே, அதே வித்தைதான். மெல்லிய துருவுக்குச் சரி. அப்பளம் மாதிரி உதிரும் துருவுக்கு எந்த மருந்தும் இல்லை.

பட்டி போட்டு மூடிக் கொடுக்கிறேன் என்று எந்த டிங்கராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். எங்கள் வண்டியின் வலது வளைவில் எனக்கு முன்னால் யாரோ செய்த வேலையைப் பிரித்தபோது, பெயின்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே செய்தித்தாள், செய்தித்தாளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

ஒட்டு வெல்டிங் செய்யும்போது கவனிக்க வேண்டியது?

தீ. வளைவுக்கு அந்தப் பக்கம் உங்கள் வீடு இருக்கிறது: பிளைவுட், ஃபோம், மெத்தை, ஒயர், கேஸ் சிலிண்டர். சிலிண்டர் வண்டியை விட்டே வெளியே போக வேண்டும், பிளைவுட்டும் ஃபோமும் கழற்றப்பட வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழற்ற வேண்டும். டீசல் டேங்கும் குழாயும் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் இறக்குங்கள். வெளியே வெல்டிங் ஓடும்போது உள்ளே ஒருவர் தீயணைப்பு சிலிண்டரோடும் நனைத்த சாக்கோடும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம்.

வியாசர்பாடியில் எங்கள் வேலையைச் செய்த டிங்கர் பாய் ஒரே கோடாக இழுக்க மாட்டார். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஒரு டீ. மெல்லிய தகரம் சூட்டில் நெளியாமலிருக்க அதுதான் வழி. புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் சீலண்ட் கொண்டு மூட வேண்டும். ஓடு வேய்வது மாதிரி மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் ஏறி நின்றால் போதும் என்பது கூரைக்கு. இங்கே தண்ணீர் கீழிருந்தும் வரும்.

ஜி.ஐ. ஷீட் வைத்தால் வெல்டிங் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. காற்றோட்டமும் முகக் கவசமும்தான்.

காசிமேட்டில் படகுக்கு ஃபைபர் போடுகிறார்களே, அதையே வளைவுக்குப் பூசிவிடலாமா?

வடசென்னையில் இருந்துகொண்டு இதை யோசிக்காதவர் இருக்க முடியாது. நானும் யோசித்தேன். கிழிந்த ஃபைபர் படகை அரை நாளில் தைத்துக் கடலுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு டயர் வளைவு எம்மாத்திரம்? படகு மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். தகரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இது ஃபைபர்மேல ஃபைபர் இல்லணா. இரும்புமேல ஒட்டுனா ஆறு மாசத்துல தோல் மாதிரி உரிஞ்சிடும்."

அவர் சொன்னது சரி. படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் இரும்பில் சரியாகப் பிடிக்காது. சூட்டுக்கு இரண்டும் வேறு வேறு அளவில் விரியும், இன்ஜின் அதிர்வு வேறு. நடுவில் முடியளவு சந்து விழுந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நேராகத் தகரத்தில் பூசித்தான் ஆக வேண்டுமென்றால் எபாக்ஸி ரெசினும் நெய்த கண்ணாடி இழைத் துணியும் வேண்டும். படகுக்குப் போடும் 'மேட்' என்பது நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு. அதன் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரைவதற்காகச் செய்தது, எபாக்ஸியோடு ஒத்துப்போகாது.

கடைசியில் செய்தது வேறு. தகரத்தை ஒழுங்காக ஒட்டுப் போட்டு, சீலண்ட் அடித்து, பெயின்ட் முடித்த பிறகு, அந்த வளைவையே அச்சாக வைத்தோம். மேலே பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன் மேல் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு, பாலியெஸ்டர் ரெசினோடு. இறுகியதும் தனியாகக் கழற்றி, ஓரம் அறுத்து, ரப்பர் வாஷர் வைத்து ஸ்டெயின்லெஸ் போல்டில் மாட்டினோம். தகரத்துக்கு ஒரு மேல்சட்டை மாதிரி. கல்லும் மணலும் அதில் அடிக்கும், தகரம் பிழைக்கும். கீழே திறந்தே இருக்கும், உள்ளே போன தண்ணீர் இறங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சேற்றைக் கழுவ வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேல்சட்டையே வினையாகிவிடும், ஈரச் சேறு தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும்.

டயருக்கும் சட்டைக்கும் நடுவே இடம் இருக்க வேண்டும். காலி வண்டியில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். வளைவின் உச்சியில் களிமண் உருண்டை ஒட்டி, டேங்க் நிறையத் தண்ணீரோடும் குடும்பத்தோடும் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிப் பாருங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியது என்பது மிச்ச இடத்தைச் சொல்லும். பெரிய அளவு டயர் மாட்டியவர்களுக்கு இது கட்டாயம். டயர் உரசியே ஓட்டையான வளைவுகள் உண்டு.

ரெசினில் கலக்கும் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். மத்தியான வெயிலில் கலந்தால் டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். பழகியவர் கையில் விடுவது உத்தமம்.

தார் மாதிரி கறுப்பாக அடிக்கிறார்களே, அண்டர்கோட்டிங், அது போதுமா?

நல்ல தகரத்தின் மேல், நல்ல பிரைமரின் மேல் அடித்தால் பிரயோஜனம் உண்டு. துருவை மறைக்க அடித்தால் அது துருவுக்குப் போட்ட போர்வை. காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியே வராது. பழைய வண்டி வாங்கப் போகும்போது அடிப்பகுதி முழுக்கப் புத்தம்புதுக் கறுப்பாக மின்னினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கமும் இருக்கிறது. ரப்பர் ஊறிக் கெடும், மழையில் ரோடெல்லாம் எண்ணெய். வேண்டாம்.

அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றையும் அடைத்துவிடவா?

ஐயா, தயவுசெய்து அடைக்காதீர்கள். இந்தத் தப்பைச் செய்தது நான்தான்.

வளைவுக்கு முன்னும் பின்னும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரத்தில் அடியில் ஓட்டை இருக்கும். கம்பெனியில் வைத்தது. ஜன்னல் ரப்பர் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் சுவருக்குள் இறங்குவது எல்லா வண்டியிலும் சகஜம், அது வெளியேறும் வாசல் இது. எனக்குத் தெரியவில்லை. ஓட்டை என்றால் ஓட்டைதானே என்று உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் எம்-சீல் வைத்து அமுக்கினேன். அந்த வருட மழைக்காலம் முழுக்க ஒழுகல் கூடிக்கொண்டே போனது. தை மாதம் டிங்கர் பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தட்டு தட்டினார். டிகாஷன் நிறத்தில் தண்ணீர் அவர் சட்டைமேலேயே கொட்டியது. அரை பெயின்ட் டப்பா பிடித்தோம். மூன்று மாதமாக அந்தத் தண்ணீர் அங்கேயே நின்று, வளைவின் அடி மூட்டை உள்ளிருந்து தின்றிருக்கிறது. ஒழுகலை நிறுத்தப் போய் ஒழுகலை உண்டாக்கினேன்.

எது வடிகால், எது துரு ஓட்டை என்று சந்தேகமா? வடிகால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஓரம் ஒழுங்காக இருக்கும். மழைக்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியை விட்டுச் சேற்றை எடுங்கள்.

எங்களுடையது சேசிஸ் வாங்கி வெளியே பாடி கட்டிய வண்டி. இதே முறைதானா?

கொஞ்சம் வேறு. அதில் வளைவு தகரப் பெட்டியாகத் தனியாகச் செய்து, தரையில் ஸ்க்ரூவோ ரிவிட்டோ அடித்திருப்பார்கள். அமெரிக்காவின் பழைய மோட்டார் வீடுகளிலும் மரத்தரையில் இப்படிப் பெட்டி மாட்டுவது உண்டு. இங்கே ஓட்டை தகரத்தில் இருக்காது, பெட்டியும் தரையும் சேரும் சட்டத்தில் இருக்கும். மேலே சீலண்ட் பூசாமல், பெட்டியையே கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து மறுபடி இறுக்குவதுதான் சரியான வேலை.

வெளித்தகரம் அலுமினியமாகவும் சட்டம் இரும்பாகவும் இருந்தால், இரண்டும் நேராகத் தொடுமிடத்தில் உப்பீரம் பட்டதும் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். நடுவில் பெயின்டோ சீலண்டோ டேப்போ ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பிளைவுட் தரை ஊறிவிட்டது. காயவைத்தால் போதுமா?

ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி மாற்றுங்கள். இறங்காவிட்டால் கழற்றி, வெயிலில் இல்லாமல் நிழலில் ஃபேன் போட்டு ஒரு வாரம். மறுபடி போடும்போது மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். அதுவும் வெட்டிய ஓரத்தில் தண்ணீர் குடிக்கும், ஓரங்களுக்கும் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கும் எபாக்ஸி பூச வேண்டும்.

வளைவுக்கு மேல் உள்பக்கம் என்ன ஒட்டலாம்?

தண்ணீர் குடிக்காத, துளைகள் மூடிய (குளோஸ்டு செல்) ஃபோம். கண்ணாடிக் கம்பளியும் சாதாரண ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், கட்டிலுக்கு அடியில் ஒரு பலகையைக் கழற்றக்கூடியதாக வைப்பது. மூடி ஒட்டிவிட்டால் அடுத்த தடவை ஒழுகும்போது கட்டிலையே உடைக்க வேண்டும்.

வெள்ளத்தில் ஓட்டிவிட்டேன். என்ன செய்ய?

முழங்கால் ஆழத் தண்ணீரில் எந்தச் சீலண்டும் உங்களைக் காப்பாற்றாது. கதவு வழியாகவே வரும். கணேசபுரம் மாதிரி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் திருப்பிக்கொண்டு வருவதுதான் வழி. தப்பித் தவறி ஓட்டியிருந்தால் அன்றைக்கே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோரம் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் வாராவாரம் வண்டி கழுவி, கழுவியே துருப்பிடிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். வாயில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால் கழுவாமல் விடுவதே மேல், அல்லது கடைசியாக இரண்டு வாளி மெட்ரோ தண்ணீர். உப்புக் காற்றை ஒன்றும் செய்ய முடியாது. கடலுக்கு ஒரு தெரு தள்ளி நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

எந்த மாதத்தில் செய்வது? சாமான் எங்கே?

பங்குனியிலிருந்து ஆனி வரை. ஐப்பசியில் மழை பிடித்த பிறகு டிங்கரும் கிடைக்க மாட்டார், தகரமும் காயாது. வெயில் காலத்திலும் காலை பத்து மணிக்குள் சீலண்ட் அடித்து முடித்துவிடுங்கள். மத்தியானத் தகரத்தில் தோசையே சுடலாம்.

உப்புத்தாள், போல்ட், ரிவிட்டுக்குப் பாரிமுனை செம்புதாஸ் தெரு. ரெசின், மேட் காசிமேடு பக்கம் படகுச் சாமான் கடைகளில். பழைய ரப்பர், பிளாஸ்டிக் மட்கார்டு வேண்டுமென்றால் புதுப்பேட்டைக்கு ஒரு நடை. சீலண்ட் டியூபில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். பழையது டியூபுக்குள்ளேயே இறுகியிருக்கும்.

இது விண்டேஜ் வண்டிதானே? ஆர்.டி.ஓ.வில் சலுகை உண்டா?

பேச்சுக்கு விண்டேஜ் என்கிறோம். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் பதிவு. அதையும் தினசரி ஓட்ட முடியாது. நம்முடையது வெறும் பழைய வண்டி. சொந்த வண்டி என்றால் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வளைவை ஒட்டுப் போடுவது பழுதுபார்ப்பு, அதற்கு அனுமதி வேண்டாம். கேரவனாக மாற்றுவது வேறு. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும்.

வேலை முடிந்தது. சரியாக அடைத்தாயிற்றா என்று எப்படிப் பார்ப்பது?

சீலண்ட் முழுசாக இறுகட்டும். பிறகு கண்ணாடி, கதவு எல்லாம் மூடி, வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். டயர் பக்கம் மூட்டுகளில் சோப்பு நுரை பூசுங்கள். உள்காற்று எங்காவது வெளியேறினால் அங்கே முட்டை விடும், பஞ்சர் பார்க்கிற மாதிரி. முட்டை வராவிட்டால் ஹோஸ் சோதனை இன்னொரு தடவை.

அதற்கும் தேறினால், பலகைகளை உடனே மாட்டாதீர்கள். வளைவின் மேல் செய்தித்தாளை விரித்து டேப் போட்டுவிட்டு, முதல் நல்ல மழையில் மணலி வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். நாங்கள் போய் வந்து பார்த்தபோது இடது தாள் மொடமொடவென்று இருந்தது. வலது தாளின் ஒரு மூலையில் மட்டும் ஒரு ரூபாய்க் காசளவு ஈரம். ஷாக் அப்சார்பர் வாஷர். மறுபடி டயரைக் கழற்றினோம்.